ஒன்றரை முழம்

சனிக்கிழமை. குளிர் மைனஸ் இருபத்தாறு.
ஹானியோகியில் கார்கள் திறக்கவில்லை என்று
ஔலு அலுவலகத்துக்கு நாற்பத்தோரு புகார்கள்,
அத்தனையும் ஒரே கடையின் வாசலிலிருந்து.
ஒருவர் பேய் என்று எழுதியிருந்தார்.
இன்னொருவர் அரசாங்கம் என்று.

கடைக்காரர் தர்மோ என்னை நிறுத்திக் காட்டினார்:
உறைந்த மீன் பையோடு ஒரு பெண்
சாவியை நீட்டி அழுத்துகிறாள்.
கார் அசையவில்லை,
கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி.

சாவி பேசத்தான் செய்கிறது.
ஒன்றரை முழ நீளத்து அலை
அதன் சிறு வயிற்றிலிருந்து கிளம்பி
வெளிச்சத்தின் வேகத்தில் போய்க் காரைத் தொடுகிறது.
அதே ஒன்றரை முழத்தில்தான்
பால்கனித் தெர்மாமீட்டரும் பேசுகிறது,
கராஜ் கதவும், அழைப்புமணியும்.
பொதுக்குழாய் போல ஒரு பொது அலைவரிசை.
விதி சுலபம்:
சொல்ல வந்ததைச் சொல், பிறகு வாயை மூடு.

யாரோ மூடவில்லை.

ஆன்டெனாவை எடுத்தேன்,
பெரிய மீனின் முள் போன்றது.
முள் எந்தப் பக்கம் திரும்பினால்
திரையில் கோடு எழுகிறதோ
அந்தப் பக்கம் நடந்தேன்.
பகல் என்று இங்கே பெயர் பெற்ற
மூன்று மணி நேர நீலமும் முடிந்துகொண்டிருந்தது.

இந்த வேலையில் ஒரு விசித்திரம்,
கிட்டே போகப் போகக் காதைச் செவிடாக்கிக்கொள்ள வேண்டும்.
இல்லையென்றால் சத்தம் எல்லாத் திசையிலும் நிறைந்துவிடும்.
ஒரு திருகு, இன்னொரு திருகு.
கடைசியில் ஆன்டெனாவும் வேண்டாம்.
கருவியை நெஞ்சோடு அணைத்து
நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றினேன்.
எந்தப் பக்கம் பார்க்கையில் கோடு தாழ்ந்ததோ
அதற்கு முதுகுப் பக்கம் அது இருக்கிறது,
என் உடம்பே நிழல்.

பனிச் சறுக்குப் பலகை வாங்கித் தரச்சொல்லி அழுத பையன்
அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

மஞ்சள் மரவீடு. எண் பதினான்கு.
கதவோரம் ஒரு வெள்ளைப் பொத்தான்
உள்ளே அழுந்தியபடி,
மேலே நகம் அளவு பனி.
அவ்வளவுதான்.
அந்த ஊர் முழுக்க மூன்று நாளாக
ஒரு விளக்கு எரிந்திருக்கிறது,
கண்ணுக்குத் தெரியாத நிறத்தில்,
சுவரையும் ஜன்னலையும் உறங்குபவர்களையும் தாண்டி.
இருட்டு என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மணியை அழுத்தப் போய்
அது ஏற்கெனவே அழுந்தியிருப்பது நினைவு வர,
கையால் தட்டினேன்.

சிர்க்கா வந்தாள், தலையணைக் கோடு கன்னத்தில்.
ரொட்டிக் கூடத்தில் இரவு வேலை.
பகலில் தூங்க வேண்டுமென்று
உள்ளே மணிப்பெட்டியைப் பிடுங்கி
அலமாரியில் போட்டு இரண்டு வருடமாம்.
கடைக்கும் காருக்கும் கேட்டது
இந்த வீட்டுக்கு மட்டும் கேட்கவில்லை.

நகத்தால் பனியைச் சுரண்டினேன்.
டக்.
பொத்தான் வெளியே வந்தது,
திரையில் கோடு படுத்துக்கொண்டது.

அபராதம் உண்டா என்றாள்.
இல்லை என்றேன்.
எப்போதிலிருந்து அடித்திருக்கிறது?
முதல் புகார் வியாழன், மாலை நாலேகால்.

“வியாழன்” என்றாள்.
கதவு நிலையைப் பிடித்தபடி இன்னொரு தடவை, மெல்ல,
“வியாழன் நாலேகால்.”
படியைப் பார்த்தாள்.
அதற்குப் பிறகு இரண்டு முறை பனி பெய்துவிட்டது.
தானாக எந்தப் பொத்தானும் அழுந்துவதில்லை என்பதை
நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அறிக்கையில் எழுத ஒரு வரி போதும்:
மூலம் கண்டறியப்பட்டது, கோளாறு நீக்கப்பட்டது.
திரும்பி நடந்தபோது
கடை வாசலில் ஆரஞ்சு விளக்குகள்
ஒன்றன்பின் ஒன்றாகக் கண் சிமிட்டின.
தர்மோ இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

எனக்குப் பின்னால், வெகு லேசாக,
சுவருக்கு அந்தப் பக்கம்
டிங் டாங்.
திரும்பினேன். வாசலில் சிர்க்கா, வெறும் காலுறையோடு,
தன் மணியைத் தானே அழுத்திச்
சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.